மூன்று நாள் மின்சாரம் இல்லாவிட்டால்: தில்லி மாடி வீட்டுக்கான செய்முறை

2012 ஜூலை 30, விடியற்காலை இரண்டரை மணி. வட மாநிலங்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி வலைப்பின்னலான வடக்கு மின்தொகுப்பு விழுந்தது. தில்லி மயூர் விஹாரில் நான்காம் மாடியில் இருந்தோம். மாமியாருக்கு இன்சுலின், பெண்ணுக்கு ஒன்றரை வயது. மறுநாள் பகல் ஒரு மணிக்கு மறுபடியும் விழுந்தது. இம்முறை கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து போயின. 60 கோடிக்கும் மேற்பட்டவர்கள் இருட்டில். மெட்ரோ நின்றது, ரயில்கள் வழியிலேயே நின்றன.

அன்று சென்னையில் என் அக்கா வீட்டில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, ஏனென்றால் தெற்கு மின்தொகுப்பு அப்போது தனி. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் தடம் வழியாக அதுவும் இணைந்தது. இப்போது நாடு முழுவதும் ஒரே தொகுப்பு. அதனால் இந்தக் குறிப்புகள் அக்காவுக்கும் சேர்த்துத்தான்.

ஏன் மூன்று நாள் கணக்கு? நிலக்கரி மின்நிலையத்தைத் தொடக்கவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். முதலில் நீர்மின் நிலையங்கள் எழ வேண்டும். அவை மற்றவற்றை எழுப்ப வேண்டும். கிடைப்பது ரயிலுக்கும் மருத்துவமனைக்கும் முதலில் போகும். வீடுகளின் முறை கடைசியில்தான்.

முதல் படி: தண்ணீர்

மின்சாரம் போனதும் விளக்கைத் தேடாதீர்கள், வாளிகளை எடுங்கள். மொட்டைமாடித் தொட்டியில் உள்ளது உங்களுக்கு மட்டுமல்ல, கட்டடத்துக்கே சொந்தம். கீழ்த்தொட்டியில் தண்ணீர் நிறைய இருந்தாலும் மோட்டார் ஓடாமல் மேலே ஏறாது. குடிநீர் ஆலைகளும் மின்சாரத்தை நம்பியவையே.

ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து லிட்டர் என்று கணக்கிடுங்கள்: குடிக்க, சமைக்க, கைகால் கழுவ. நால்வருக்கு மூன்று நாளைக்கு 180 லிட்டர். கழிப்பறைக்குத் துணி அலசிய தண்ணீர் போதும்.

தில்லியில் ஏறக்குறைய எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு. ஆர்.ஓ. இயந்திரமும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. நான் மின்சாரம் தேவைப்படாத, மேலே ஊற்றிக் கீழே பிடிக்கும் வடிகட்டி ஒன்றைப் பரணில் வைத்திருக்கிறேன். அது இல்லையென்றால் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். உப்புச் சுவை போகாது, கிருமி போய்விடும். தானே பற்றிக்கொள்ளும் அடுப்பு வைத்திருப்பவர்கள் தீப்பெட்டி வாங்கி வையுங்கள்.

இரண்டாம் படி: இன்வெர்ட்டர்

இங்கேதான் நான் தவறினேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன். எங்களிடம் 150 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்தது. ஒரு நாள் முழுக்கத் தாங்கும் என்று நம்பினேன். முதல் இரவு இரண்டு மின்விசிறியும், இன்வெர்ட்டர் தடத்தில் மாட்டியிருந்த குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து ஓடின. விடிவதற்குள் பேட்டரி பாதிக்கும் கீழே போய்விட்டது. எங்கள் குடியிருப்புக்கு அன்று மின்சாரம் விட்டுவிட்டுத்தான் வந்தது. காலியான பேட்டரி நிறையப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். மறுநாள் பகலில் இரண்டாவது முறை போனபோது அரைகுறைப் பேட்டரிதான் கையில் இருந்தது. மாலைக்குள் அதுவும் தீர்ந்தது. அந்தப் புழுக்கத்தில் குழந்தைக்கு இரவெல்லாம் விசிறி வீசினேன்.

கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். பேட்டரி 12 வோல்ட்; 150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1800 வாட்-மணி. இன்வெர்ட்டரில் ஒரு பகுதி வீணாகும். பேட்டரியை அடிவரை வற்ற விட்டால் அதன் ஆயுள் குறையும். எனவே பாதியை மட்டும், அதாவது 900 என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மின்விசிறி 75 வாட். இரண்டு ஓடினால் ஆறு மணி நேரத்தில் 900-ம் தீர்ந்துவிடும். பிஎல்டிசி என்ற புதுவகை மோட்டார் உள்ள மின்விசிறி ஏறத்தாழ 30 வாட்தான். இரண்டு, எட்டு மணி நேரம் ஓடினால் 480. ஆக, அதே பேட்டரியில் ஏறத்தாழ இரண்டு இரவு கிடைக்கும். இதனால்தான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: இன்னொரு பேட்டரிக்குப் பணம் போடும் முன் மின்விசிறியை மாற்றுங்கள்.

அடுத்து, மின்பணியாளரை அழைத்து எந்தப் புள்ளிகள் இன்வெர்ட்டர் தடத்தில் இருக்கின்றன என்று எழுதி வாங்குங்கள். குளிர்சாதனப் பெட்டியை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். மின்சாரம் போன நாளில் எல்லோரும் ஒரே அறையில் படுங்கள், ஒரே மின்விசிறி போதும். பகலில் இன்வெர்ட்டரை அணைத்தே வையுங்கள். கோடைக்கு முன் பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் பாருங்கள்.

வெளிச்சத்துக்கு எல்இடி கைவிளக்கு. மெழுகுவத்தியை நான் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. குழந்தையும் திரைச்சீலையும் உள்ள வீடு. ஜெனரேட்டரைப் பால்கனியில் வைக்காதீர்கள். குளிர்காலமென்றால் அங்கீட்டியை, அதாவது கரி அடுப்பை, மூடிய அறையில் எரிக்கவே கூடாது. அதன் புகைக்கு இந்த ஊரில் ஆண்டுதோறும் உயிர்கள் போகின்றன.

மூன்றாம் படி: மருந்தும் உணவும்

திறக்காமல் வைத்தால் குளிர்சாதனப் பெட்டி நான்கு மணி நேரம் குளிர்ச்சி காக்கும். முதலில் பாலைக் காய்ச்சுங்கள். மாவை அன்றே இட்லியாக ஊற்றிவிடுங்கள்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலினில் பல வகைகளை 25 முதல் 30 டிகிரிக்குள் சில வாரங்கள் வெளியே வைக்கலாம். அளவு அட்டையில் இருக்கும், மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். மே மாதத் தில்லி அறை அதைவிடச் சூடு. கீழ்மாடிப் பஞ்சாபிப் பாட்டி காட்டித் தந்த வழி இது: பெரிய மண்பானைக்குள் சிறிய பானை, நடுவில் ஈர மணல், மேலே ஈரத் துணி, காற்று வரும் நிழல். மருந்தைச் சிறு மூடி டப்பாவில் போட்டு உள்ளே வையுங்கள். வறண்ட வெயிலில் இது அருமையாக வேலை செய்கிறது. ஜூலைப் புழுக்கத்தில் நீர் எளிதில் ஆவியாகாததால் அவ்வளவு குளிராது. அப்போது பனிக்கட்டி போட்ட பிளாஸ்க் நல்லது. ஆனால் மருந்து பனிக்கட்டியைத் தொடக்கூடாது, நடுவில் துண்டு வையுங்கள். உறைந்த இன்சுலினைப் பயன்படுத்தக்கூடாது.

நான்காம் படி: பணமும் செய்தியும்

2012-இல் யூபிஐ இல்லை, எல்லோர் பையிலும் நோட்டு இருந்தது. இன்று காய்கறி வண்டிக்காரரும் செல்பேசியைத்தான் நீட்டுகிறார். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஒரு வாரச் செலவை எடுத்து வையுங்கள். செல்பேசிக் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரமே தாங்கும். அழைப்பு போகாதபோது குறுஞ்செய்தி போகக்கூடும். பேட்டரியில் ஓடும் சிறு வானொலி ஒன்று வாங்குங்கள். கைப்பிடி சுழற்றும் வகையை வாங்க வேண்டாம், கை வலிக்கிறதே தவிர ஒலி நீடிப்பதில்லை.

மின்சாரம் திரும்பும்போது எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்கட்டும், ஒரு விளக்கு மட்டும் போட்டபடி இருக்கட்டும். அது பதினைந்து நிமிடம் சீராக எரிந்த பிறகு மற்றவற்றைப் போடுங்கள்.

பிற்சேர்க்கை 1: மொட்டைமாடியில் சூரியத் தகடு போட்ட ஒருவர், தமக்கு இவை எதுவும் தேவையில்லை என்று எழுதியிருந்தார். தேவைப்படும். பேட்டரி இல்லாமல் தொகுப்போடு நேரடியாக இணைந்த தகடுகள், தொகுப்பு விழுந்ததும் தாமே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் உயிரைக் காக்கத்தான் அந்த ஏற்பாடு. உங்களுடையது எந்த வகை என்று பொருத்தியவரிடம் கேளுங்கள்.

பிற்சேர்க்கை 2: தில்லியின் துவாரகா பகுதியிலிருந்து ஒரு வாசகி: கீழ்த்தொட்டியில் தண்ணீர் இருந்தும் மூடி பூட்டியிருந்ததால் எடுக்க முடியவில்லையாம், சாவி வைத்திருந்த காவலாளி ஊருக்குப் போயிருந்தார். இதைப் படித்த அன்றே எங்கள் கட்டடத்தில் பார்த்தேன்; ஒரே சாவிதான். இப்போது மூன்று இருக்கின்றன. ஒன்று காவலாளியிடம், ஒன்று செயலாளரிடம், ஒன்று எங்கள் வீட்டு ஆணியில், கயிறு கட்டிய வாளிக்குப் பக்கத்தில்.