பள்ளிக் கணினி ஆய்வகத்துக்குக் குறைந்த செலவில் மென்பொருள் உரிமம்: தொடக்க வழிகாட்டி

கொட்டேஷன் கேட்பதற்கு முன், கையில் இருக்கும் உரிமங்களை எண்ணுங்கள். இதைச் செய்யாததால் பல பள்ளிகள் ஏற்கெனவே இருக்கும் உரிமத்துக்கே மறுபடி பணம் கட்டுகின்றன. தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் நடக்கும், 30 கணினி உள்ள பள்ளியை மனதில் வைத்து இதை எழுதுகிறோம்.

படி 1: கணக்கெடுப்பு

ஒவ்வொரு கணினிக்கும் ஒரு வரி: சீரியல் எண், வாங்கிய பில் எண், விண்டோஸ் பதிப்பு, உரிம வகை. பிராண்டட் கணினியில் விண்டோஸ் சேர்த்தே வந்திருந்தால் பில்லில் இருக்கும். அந்த உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே, வேறொன்றுக்கு மாற்ற முடியாது. அசெம்பிள் செய்த கணினிகளில் பெரும்பாலும் உரிமம் இருக்காது. போட்டுக்கொடுத்தவர் ஏதோ ஒரு கீயை (விண்டோஸைச் செயல்படுத்தும் குறியீட்டு எண்ணை) போட்டிருப்பார்.

செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 'உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் வரி வந்து, பள்ளி வால்யூம் உரிமம் (பல கணினிகளுக்கு மொத்தமாக வாங்கும் உரிமம்) எதுவும் வாங்கியிருக்கவில்லை என்றால், அது பெரும்பாலும் திருட்டு ஆக்டிவேட்டர் (உரிமம் இல்லாமலே விண்டோஸை இயங்கவைக்கும் மென்பொருள்) வேலை. 'ஆக்டிவேட் ஆகியுள்ளது' என்று காட்டுவதும் தனியாகச் சான்று ஆகாது, பில்தான் சான்று. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி-யின்படி, தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

படி 2: பாடப்புத்தகம் எதைக் கேட்கிறது?

11ஆம் வகுப்பு கணினிப் பயன்பாடுகள் பாடநூல் சொல்லித்தருவதே ஓபன் ஆபீஸ் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ். அதன் உறவான லிப்ரே ஆபீஸ் இலவசம், தொடர்ந்து புதுப்பிக்கப்படுகிறது. ஆய்வகத்துக்கு எம்எஸ் ஆபீஸ் வாங்க வேண்டிய தேவையே இல்லை. 12ஆம் வகுப்புக் கணக்குப்பதிவியலுக்கான டேலியிலும் கட்டணமில்லாத எஜுகேஷன் மோட் உண்டு. அதில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டுமே வவுச்சர் (கணக்குப் பதிவு) போட முடியும். பயிற்சிக்கு அது போதும். பள்ளியின் சொந்தக் கணக்கை அதில் எழுதக்கூடாது.

லிப்ரே ஆபீஸில் சிக்கல் வருவது இரண்டு இடத்தில். ஒன்று, கோப்பு வடிவம்: ஆப்ஷன்ஸில் 'லோட்/சேவ்' பகுதியில் எப்போதும் வேர்ட் வடிவத்திலேயே சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள். இரண்டு, வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய வினாத்தாள்கள்: அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குப்பையாகத் தெரியும். எழுத்துருவை நிறுவிப் பாருங்கள், நிரந்தரத் தீர்வாக, எந்தக் கணினியிலும் சரியாகத் தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

படி 3: இலவசக் கல்விக் கணக்கு

மைக்ரோசாஃப்ட் 365-இன் ஏ1 திட்டமும், கூகுள் வொர்க்ஸ்பேஸின் ஃபண்டமென்டல்ஸும் தகுதியுள்ள பள்ளிக்கு இலவசம். ஒன்றைத் தேர்ந்தால் போதும். ஏ1-இல் வேர்ட், எக்செல் பிரவுசரில் மட்டுமே. கணினியில் நிறுவும் உரிமம் இல்லை.

பள்ளியின் பெயரில் டொமைன் (இணைய முகவரி) வாங்கி, விண்ணப்பத்தில் கிடைக்கும் டிஎக்ஸ்டி குறியீட்டை (சரிபார்ப்பு எழுத்துவரி) அந்த டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் ஒட்டினால், டொமைன் பள்ளியுடையது என்பது உறுதியாகும். டொமைனை ஒருபோதும் கணினி சர்வீஸ்காரர் பெயரில் பதிய விடாதீர்கள். அவர் விலகிப் போனால் எல்லா ஆசிரியர், மாணவர் கணக்கும் அவர் கையில் சிக்கிவிடும். அட்மின் கணக்கும் குறைந்தது இருவரிடம் இருக்கட்டும்.

படி 4: மீதியை மட்டும் வாங்குங்கள்

பெரும் தவறு நடப்பது இங்கேதான். கல்வி வால்யூம் உரிமத்தில் வரும் விண்டோஸ், மேம்பாட்டு உரிமம் மட்டுமே, அதாவது ஏற்கெனவே உள்ள விண்டோஸை உயர்த்துவதற்கானது. அடியில் முறையான விண்டோஸ் இல்லாத அசெம்பிள் கணினிக்கு அது செல்லாது. 30-இல் 12 பிராண்டட் என்றால் மீதி 18-க்கு முழு உரிமம் வேண்டும், அல்லது உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். பாடத்துக்கு வேண்டிய பைத்தான், மைஎஸ்கியூஎல் இரண்டும் அதில் நன்றாகவே ஓடும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லாத பழைய கணினியில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது. விண்டோஸ் 10-இலேயே தொடர்ந்தால், கல்வி நிறுவனங்களுக்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு, ஒரு கணினிக்கு முதல் ஆண்டு 1 டாலர், அடுத்து 2, அதற்கடுத்து 4 டாலர். தாமதமாகச் சேர்ந்தால் விட்டுப்போன ஆண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். விண்டோஸ் டிஃபெண்டர் உள்ளேயே இருப்பதால் தனி ஆன்டிவைரஸ் தேவையில்லை.

கொட்டேஷனில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: தயாரிப்பு எண், கல்வி உரிமமா வணிக உரிமமா, நிரந்தரமா ஆண்டுச் சந்தாவா, விலையில் 18% ஜிஎஸ்டி சேர்ந்ததா. சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும் கீயை எவ்வளவு ஆசை காட்டினாலும் வாங்காதீர்கள். பெரும்பாலும் அது வேறொரு நிறுவனத்தின் வால்யூம் கீ. முடக்கப்பட்டால் கேட்க ஆளிருக்காது. பில், உரிமச் சான்று, சந்தா முடியும் தேதி எல்லாவற்றையும் அலுவலகத்தில் ஒரே கோப்பில் வையுங்கள். ஒரு நகல் ஆய்வகப் பொறுப்பாசிரியரிடம் இருக்கட்டும்.