முதலாளியின் மனபாரம்: யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக் கூடாது

திருப்பூரில் சனிக்கிழமை சம்பள நாள். 14 வருடம் பனியன் கம்பெனி நடத்தினேன். ஒரு சனிக்கிழமை இரவு, வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட்டுவிட்டு, வீட்டு வாசலில் காரை நிறுத்தி அரை மணி நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போனால் "சாப்பிடறீங்களா?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லக்கூடத் தெம்பில்லை.

நான் செய்த முதல் தவறு, யாரிடமும் வாய் திறக்காதது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது ஊரே ஒரே கவலையில்தான் இருந்தது. ஆனாலும் கல்யாண மண்டபத்தில் "ஆர்டர் எப்படீங்க?" என்றால் "பரவால்லீங்க, ஓடுது" என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

அந்தப் பயத்தைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கம் நூல் கொடுப்பவர் பெரியப்பா மகன், பைனான்ஸ் மச்சானுடையது, சீட்டு பங்காளியிடம். மச்சானிடம் மனசு விட்டுப் பேசினால், திங்கட்கிழமை நூல்காரர் "இந்தத் தடவை ரொக்கமா குடுத்துருங்க" என்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது. ஆள் மாறிச் சொன்னதுதான் இரண்டாவது தவறு. ஒருவரிடம் சொல்லும் முன், நம் கம்பெனி படுத்தால் இவருக்கு லாபமோ நஷ்டமோ உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் அவர் நல்லவராகவே இருந்தாலும் வேண்டாம். மேனேஜரிடமும் வேண்டாம், அவர் வேறு வேலை தேட ஆரம்பித்துவிடுவார்.

மனைவி விஷயம் வேறு. வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைக்க அவர் கையெழுத்து வேண்டும், காரணம் மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது என்பது என்ன நியாயம்?

ஆடிட்டரை ஜிஎஸ்டிக்கு மட்டும் என்று வைத்திருப்பதும் தவறு. வாடிக்கையாளர் ரகசியத்தை அனுமதியில்லாமல் வெளியே சொல்வது 1949ஆம் வருடச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் சட்டப்படியே அவர் தொழிலுக்குக் குற்றம். வங்கிக்குப் போகவும் தயங்காதீர்கள். தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதற்கு முன்பே, 25 கோடி வரை கடனுள்ள சிறு, நடுத்தரத் தொழில்களைச் சீரமைக்க ரிசர்வ் வங்கி 2016இல் வழிமுறை வகுத்திருக்கிறது, நாமே விண்ணப்பிக்கலாம்.

தூக்கம் போய்விட்டால் ஆடிட்டரால் ஆகாது. கோவையில் மனநல டாக்டரிடம் போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தள்ளிப்போடாதீர்கள். 2017 மனநலச் சட்டப்படி ரகசியம் காக்கப்படுவது உங்கள் உரிமை. நேரில் போகக் கூச்சமென்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல ஆலோசனை போன் எண். இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், ஒரே தொழில்காரர்களாகக் கூடிப் பேசுவதும் தவறு. போட்டியாளர் முன்னால் யார் வாய் திறப்பார்கள்? நாங்கள் நான்கு பேர், நான்கு தொழில். கரூரில் பெட்ஷீட், கோவையில் பம்பு, நாமக்கல்லில் கோழிப்பண்ணை, நான். மாதம் ஒரு ஞாயிறு பெருந்துறையில் சந்திப்போம். கடன் கேட்கக் கூடாது, ஜாமீன் கையெழுத்து கேட்கக் கூடாது, எங்களுக்குள் வியாபாரம் கூடாது, போன் வண்டியிலேயே இருக்கும்.

இரண்டு தடவை கூடிவிட்டு "ஒண்ணும் பிரயோஜனமில்லை" என்று விட்டுவிடாதீர்கள். எங்கள் கோழிப்பண்ணைக்காரர் மூன்று மாதம் தீவன விலையை மட்டுமே பேசினார். நான்காவது மாதம், கிளம்பும் நேரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே, "ஐப்பசியில இருந்து நான் தூங்கலீங்க" என்றார். யாரும் யோசனை சொல்லவில்லை. திரும்ப உட்கார்ந்தோம்.