குடிநோய் மீட்புக் கூட்டத்துக்கு முதல் முறை போகிறவருக்கு

முதல் தடவை நான் வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். உள்ளே போனால் எழுப்பி நிற்கவைத்து, எவ்வளவு குடிப்பாய், எப்போதிலிருந்து குடிக்கிறாய் என்று விசாரிப்பார்கள் என்ற பயம். அப்படி எதுவும் நடக்காது என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் சில வாரங்கள் வீணாகியிருக்காது.

கூட்டத்தைத் தேடுவதற்கு முன் ஒரு விஷயம். தினமும் நிறையக் குடிப்பவர் என்றால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். உடம்பு பழகிப்போன குடியைத் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு வலிப்பு வரும், மனம் குழம்பும், இல்லாத உருவங்கள் தெரியும். இந்தக் கடுமையான நிலை பெரும்பாலும் கடைசியாகக் குடித்ததிலிருந்து 4 நாட்களுக்குள் வருகிறது, உயிரையும் பறிக்கலாம். கூட்டத்தில் இருப்பவர்கள் அனுபவசாலிகள்தான், டாக்டர்கள் இல்லை.

1. எந்தக் குழு?

அதிகம் பரவியிருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கியது. குடியை நிறுத்தியிருந்த பில் என்பவர் வியாபார வேலையாக அங்கே போனார். அவருக்கு வேலை கைகூடவில்லை. ஹோட்டலில் தனியாக நின்றபோது குடிக்கத் தோன்றியது. குடித்துக் கஷ்டப்படுகிற இன்னொருவரிடம் பேசினால் தப்பிக்கலாம் என்று நினைத்து, தொலைபேசியில் தேடித் தேடி, குடியில் தவித்துக்கொண்டிருந்த பாப் என்ற மருத்துவரைச் சந்தித்தார். இன்றுவரை கூட்டத்தில் நடப்பது அதேதான்: குடித்தவர் குடித்தவரிடம் பேசுகிறார். அறிவுரை சொல்லச் சொந்தக்காரர்கள் போதாதா என்ன.

குடியிலிருந்து மீள ஏ.ஏ. வைத்திருக்கும் வழிமுறை 12 படிகள். அதில் கடவுள் என்ற சொல் வரும். 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்றுதான் அதில் இருக்கிறது, ஆகவே நாத்திகர்களும் வருகிறார்கள். அப்படியும் ஒத்துவரவில்லையா? 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரிகவரி, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் பயிற்சிகளை வைத்து நடக்கிறது. பெண்களுக்கென்றே விமன் ஃபார் சொப்ரைட்டி 1975 முதல் இருக்கிறது. குடிப்பவர் நீங்கள் இல்லை, உங்கள் வீட்டில் ஒருவர் என்றால் அல்-அனான் கூட்டத்துக்குப் போங்கள். அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

2. எங்கே, எப்போது?

ஒவ்வொரு அமைப்பின் இணையதளத்திலும் கூட்டப் பட்டியல் இருக்கும். ஏ.ஏ.வுக்கு மீட்டிங் கைடு என்ற இலவச செயலியும் உண்டு. நீங்கள் இருக்கும் பகுதி அதில் இல்லையென்றால் உள்ளூர் ஏ.ஏ. எண்ணைத் தேடி அழைத்துக் கேளுங்கள். பட்டியல் பழையதாக இருக்கலாம், எனவே கிளம்பும் முன் ஒருமுறை சரிபாருங்கள். பூட்டிய கதவைப் பார்த்தால் அதையே சாக்காக வைத்து வீடு திரும்பிவிடுவோம், நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா?

பட்டியலில் 'திறந்த கூட்டம்', 'மூடிய கூட்டம்' என்று இருக்கும். திறந்ததற்கு யாரும் வரலாம், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். மூடியது குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டும். 'நான் குடிநோயாளியா இல்லையா என்றே தெரியவில்லை' என்பவர்கள் திறந்ததில் தொடங்கலாம். வெளியே போகவே தயக்கம் என்றால் ஜூம் வழியாக நடக்கும் கூட்டங்கள் இருக்கின்றன. பல கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டுக் கேட்கலாம்.

3. உள்ளே போன பிறகு

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். புதியவர் என்று தெரிந்தால் யாராவது வந்து பேசுவார். முதல் பெயர் மட்டும் சொன்னால் போதும். கட்டணம் கிடையாது. ஏ.ஏ.வில் நடுவில் ஒரு பை சுற்றி வரும், அது வாடகைக்கும் தேநீருக்கும். புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை.

பெரும்பாலும் ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. ஏதாவது வாசிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராகத் தங்கள் அனுபவத்தைப் பகிர்வார்கள். உங்கள் முறை வந்தால் 'இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்' என்று சொல்லிவிடலாம். ஒருவர் பேசும்போது குறுக்கே பேசுவதோ, பேசி முடித்ததும் யோசனை சொல்வதோ ஏ.ஏ. கூட்டங்களில் பொதுவாக வழக்கமில்லை. ஸ்மார்ட் ரிகவரியில் அப்படியில்லை, அங்கே கலந்துரையாடுவார்கள்.

அங்கே யாரைப் பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள் என்பதை வெளியே சொல்லாதீர்கள். உங்களைப் பற்றியும் அவர்கள் சொல்லாமல் இருப்பது இதை நம்பித்தான்.

4. முடிந்ததும் ஓடிவிடாதீர்கள்

நான் செய்த தப்பு இது. கடைசி வார்த்தை முடிவதற்குள் செருப்பைத் தேடுவேன். உண்மையில் அந்தக் கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான் கைபேசி எண்கள் கிடைக்கும். ராத்திரி பதினொரு மணிக்குக் குடிக்கத் தோன்றினால், குடித்த பிறகு இல்லை, குடிப்பதற்கு முன் அழைக்க அந்த எண்கள் வேண்டும். நாளாக நாளாக அவர்களில் நம்பிக்கையான ஒருவரை ஸ்பான்சராக, அதாவது வழிகாட்டியாக, இருக்கக் கேட்கலாம். அவர் உங்களுக்கு முன்னால் அந்த 12 படிகளைக் கடந்தவர். பணம் கேட்டாலோ நெருக்கம் காட்டித் தொல்லை கொடுத்தாலோ விலகிவிட்டு, வேறொருவரைத் தேடுங்கள்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் அந்தக் குழு பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரே ஊரில் ஒரு குழு கலகலப்பாக இருக்கும், இன்னொன்று பள்ளிக்கூடம் மாதிரி இருக்கும். ஐந்தாறு வெவ்வேறு கூட்டங்களைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

நடுவில் குடித்துவிட்டால்? குடிக்காத நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், ஆனால் யாரும் வெளியே அனுப்ப மாட்டார்கள். வாடை அடிக்கிறதே என்று தயங்குகிறவர்களும் வந்து கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு டம்ளர் தேநீரை நகர்த்தி வைப்பார்.