வளைந்த சுவரில் டெக்ஸ்ச்சர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைக் கணினி விளையாட்டின் லெவலாகக் கட்டிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிறையப் பேர். அவர்களின் மேப்பைத் திறந்தால் நேர்ச்சுவர் அருமையாக இருக்கும். அரைவட்டக் கொத்தளம் வந்ததும் கருங்கல் வரிசை குலைந்துவிடும். தவறான டெக்ஸ்ச்சரை (பரப்பின் மேல் ஒட்டும் படத்தை) போடுவது போன்றவை தானே கண்ணில் படும், அவற்றை விட்டுவிடுவோம். குவேக் 3 விளையாட்டுக்கு லெவல் கட்டும் மென்பொருளான ஜிடிகே ராடியன்டில் பேட்ச் (வளைந்த பரப்பு) போடுபவர்களுக்காக இது.

ஃபிட்டை 1 × 1-இல் அழுத்துவது

எவ்வளவு சொன்னாலும் ஓயாத தவறு இது. பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. பேட்ச் எவ்வளவு நீளமாக இருந்தாலும் 1 × 1-இல் ஃபிட் பொத்தான் ஒரே ஒரு படத்தை அதன் மேல் இழுத்துப் போர்த்திவிடும். பக்கத்துச் சுவரில் முழங்கை அகலம் இருந்த கல், கொத்தளத்தில் மாட்டுவண்டி நீளத்துக்குப் போய்விடும்.

படத்தின் அளவைத் தானே கணக்கிடும் நேச்சுரல் பொத்தானும் முழுத் தீர்வல்ல. அது அளப்பது பேட்ச்சை வளைக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளிகளுக்கு இடையிலான நேர்கோட்டுத் தூரத்தை. கால்வட்டத்தில் அது ஆரத்தைப் போல 2 மடங்கு. பேட்ச்சின் உண்மையான வளைவோ 1.62 மடங்குதான். அதனால் கல் கிட்டத்தட்ட 19 சதவீதம் ஒடுங்கும்.

கணக்குப் போட்டுவிடுங்கள். ஆரம் 128 உள்ள அரைவட்டக் கொத்தளம்: 2 × 1.62 × 128, சுமார் 415 அலகு. 256 பிக்சல் டெக்ஸ்ச்சர் 0.5 ஸ்கேலில் 128 அலகு பிடிக்கும். 415-ஐ 128-ஆல் வகுத்தால் சுமார் 3.25. இதை 3 என்று வையுங்கள். கல் 8 சதவீதம் அகலும், கருங்கல்லில் அது தெரியாது. உயரம் 192 என்றால் 1.5. சர்ஃபேஸ் இன்ஸ்பெக்டர் சாளரத்தில் ஃபிட்டுக்குப் பக்கத்தில் அகலம் 3, உயரம் 1.5 கொடுத்து அழுத்துங்கள்.

3.25-ஐ அப்படியே ஏன் விடக்கூடாது? கொத்தளத்தின் குறுக்களவு 256, அதாவது சரியாக இரண்டு டெக்ஸ்ச்சர். ஆகவே இடச்சுவரும் வலச்சுவரும் படத்தின் ஒரே இடத்தில் வெட்டுப்படுகின்றன. நடுவில் முழு எண் இருந்தால் இடது ஓரத்தை ஷிஃப்ட் செய்து (படத்தை நகர்த்தி) பொருத்தியதும் வலது ஓரம் தானே பொருந்தும். கால் பங்கு மிஞ்சினால் ஒரு பக்கம் எப்போதும் உடையும். கடைசியாகச் செங்குத்து ஷிஃப்டையும் பாருங்கள்: பிரஷ் சுவர் (வளையாத நேர்ச்சுவர்) உலகின் மையப்புள்ளியிலிருந்து அளக்கிறது, பேட்ச் தன் ஓரத்திலிருந்து அளக்கிறது. கல் வரிசையின் கிடைக்கோடு பெரும்பாலும் நழுவுவது இங்கேதான்.

முழுத் தூண்

ஃபிட்டில் முழு எண் மட்டும். ஆரம் 32 என்றால் பேட்ச்சின் சுற்றளவு 4 × 1.62 × 32, சுமார் 207. 64 அலகு டெக்ஸ்ச்சர் 3 முறை.

டெக்ஸ்ச்சர் போட்டபின் புள்ளிகளை இழுப்பது

படமும் சேர்ந்து இழுபடும். வடிவம் முடிந்தபின் டெக்ஸ்ச்சர்.

மேல்மூடி

ஃபிட் வேண்டாம், கேப் பொத்தானை அழுத்துங்கள்.