மலைநாட்டு மழையில் செல்லோவைக் காப்பது எப்படி

என் அப்பா தப்பு என்னும் தோற்பறையை அடிப்பவர். மாசி மாதத்தில் காமன் கூத்து தொடங்கும்முன் சருகைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டுவார். ஈரத்தில் தொய்ந்திருந்த தோல் இறுகிக் கணீரென்று பேசும். அதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், வயலின் இனத்தைச் சேர்ந்த, வில்லால் வாசிக்கும் பெரிய வாத்தியமான செல்லோ என் கைக்கு வந்த முதல் ஆண்டில், ஜூன் மழையில் அதன் குரல் மங்கியதும் நானும் அதை அடுப்போரம் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் காலையில் முன்பலகையில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். இலங்கை மலையகத்தின் அட்டனில் என்னிடம் பழக வரும் பிள்ளைகளின் பெற்றோருக்கு வில் பிடிப்பதைப் பற்றிப் பேசும் முன்பே இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். செல்லோவை ஒருபோதும் தீயருகே வைக்காதீர்கள்.

செல்லோவின் முன்பலகை ஸ்புரூஸ் மரம், பின்பலகை மேப்பிள். ஈரம் ஏறினால் மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது, குறுக்குவாக்கில்தான் ஊதும். அப்போது முன்பலகை மேலெழும், அதன்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் குதிரை என்ற மரத்துண்டும் எழும், தந்திகள் விரற்பலகையிலிருந்து விலகிவிடும். பிள்ளைக்கு விரல் வலிக்கும். தன் விரலில் பலம் இல்லை என்று நினைத்து அழுத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்தப் பழியைப் பிள்ளையின்மேல் போடாதீர்கள். முதலில் வானத்தைப் பாருங்கள்.

பலகைகளை ஒட்டியிருப்பது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை. ஈரத்திலும் வெக்கையிலும் அது இளகும். விளிம்பில் இணைப்பு பிரிந்தால் பதறவேண்டாம். பசை விட்டுக்கொடுத்ததால்தான் மரம் பிளக்காமல் தப்பியது. விரல்முட்டியால் விளிம்பைச் சுற்றித் தட்டுங்கள். பிரிந்த இடம் சலசலக்கும். தச்சர்கள் பூசும் வெள்ளைப் பசையை மட்டும் தொடாதீர்கள். அதைப் போட்டால் அடுத்த முறை பசைக்குப் பதிலாகப் பலகையே பிளக்கும்.

ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். 40 முதல் 60 சதவீதம் செல்லோவுக்கு நல்லது. என் அறையில் ஜூன், ஜூலையில் அது 85ஐத் தாண்டும். ஆகவே பெட்டிக்குள் துணிப்பைகளில் சிலிக்கா ஜெல் வைத்து மூடுகிறேன். செம்மஞ்சள் நிறத்தில் வருவதை வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகும். அதற்கென்றே ஒதுக்கிய சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி பயன்படும். நீல நிறத்தில் வருவதில் கோபால்ட் உப்பு இருப்பதால் அதைச் சமையலறைக்குள் கொண்டுவரவே கூடாது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயக் காம்பராவில் வெளிச்சுவர் வியர்க்கும். பெட்டியை அந்தச் சுவரில் சாய்க்காமல், தரையில் ஒரு பலகை போட்டு உட்சுவர்ப் பக்கம் வையுங்கள்.

தந்தியை முறுக்கும் பிருடை மழையில் இறுகிக்கொள்ளும், பனிக்கால வறட்சியில் வழுக்கும். குறடு வேண்டாம். கழற்றி, காய்ந்த சவர்க்காரமும் வெண்கட்டியும் தடவி, திருகும்போதே உள்நோக்கி அழுத்துங்கள். நான்கு தந்திகளையும் ஒன்றாகக் கழற்றினால் உள்ளே நிற்கும் சிறு மரக்குச்சி சாய்ந்துவிடும், அதை நிறுத்தக் கைதேர்ந்தவர் வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் வில்லின் முடியைத் தளர்த்துங்கள். ஈரத்தில் நீண்ட முடியை இறுக்கியபடியே விட்டால், வெயில் வந்ததும் அது சுருங்கி வில்லின் நுனியையே முறித்துவிடும்.

தகரக் கூரையில் மழை கொட்டும்போது எதுவும் காதில் விழாது. அந்த நேரத்தை நான் வீணாக்குவதில்லை. செல்லோ நெஞ்சில் சாய்ந்திருக்கும் வாத்தியம். மிகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 65 முறை அதிரும். கண்ணை மூடி அந்த அதிர்வை நெஞ்செலும்பில் தேடச் சொல்வேன். வில் நேராகப் போகிறதா என்பதைக் காதைவிட நெஞ்சு முன்னே சொல்லிவிடும்.

எப்போது மேடை ஏறலாம் என்று கேட்பவர்களுக்கு ஸ்பானிய செல்லோ மேதை பாப்லோ கசால்ஸைச் சொல்வேன். 1890இல், 13 வயதில், பார்சிலோனாவின் ஒரு கடையில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ தொகுப்பு அவருக்குக் கிடைத்தது. 12 ஆண்டுகள் பழகிய பிறகே அதைப் பொதுமேடையில் வாசித்தார். இன்னொருவர் செல்லோ கலைஞர் ரோஹான் டி சேரம், இலங்கைப் பெற்றோருக்கு 1939இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கண்டிய மேளமும் கற்றவர். இத்தாலிய இசையமைப்பாளர் பெரியோ 2002இல் அவருக்காக எழுதிய செல்லோ இசையில் அந்த மேளத்தின் தாளங்கள் வருகின்றன. கை, செல்லோவின் உடலையே தட்டுகிறது. அதை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். முடியும்வரை பேசவில்லை. அவருடைய விரல்கள் மட்டும் மேசையில் ஓடிக்கொண்டிருந்தன.

கொழும்புக்கு வாசிக்கப் போகிறீர்களா? ரயிலில் செல்லோவைப் பொதித் தட்டில் ஏற்றாமல் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ளுங்கள். கோட்டை நிலையத்தில் இறங்கியதும் ஆவலில் பெட்டியைத் திறந்தால் மலைக்குளிரில் ஊறிய மரத்தின்மேல் நீர் பூக்கும். ஒரு மணி நேரம் மூடியபடியே வைத்துவிட்டு, அதற்குள் ஒரு தேநீர் குடியுங்கள்.