விளாடிவஸ்தோக்: ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி?

விளாடிவஸ்தோக் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: டாக்சி பிடித்து ஊர் சுற்றாதீர்கள். ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் இந்தத் துறைமுக நகரத்தின் பழைய பகுதி நடப்பதற்கென்றே அமைந்தது போன்ற இடம். ஒரு பக்கம் ஸலதோய் ரோக் விரிகுடா. பொன் கொம்பு என்று அர்த்தம். துறைமுகம், போர்க்கப்பல்கள், கிரேன்கள் எல்லாம் அங்கேதான். மேற்குப் பக்கம் அமூர் விரிகுடா. இரண்டுக்கும் நடுவில் மேடும் சரிவுமாக ஊர். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நிதானமாக நடந்தாலும் அரை மணி நேரம் ஆகாது. காலையில் ரோக் பக்கம், மாலையில் அமூர் பக்கம் என்று வைத்துக்கொண்டால் போதும். வழி தவறினால் சரிவில் இறங்குங்கள், ஏதோ ஒரு கடல் வந்துவிடும்.

நம்மில் பலருக்கு இந்த ஊரின் பெயர் சென்னை - விளாடிவஸ்தோக் கப்பல் வழி பற்றிய செய்திகளில்தான் அறிமுகம். 2019-ல் அந்த வழியை அமைக்க இரு நாடுகளும் இசைந்தன. சோவியத் காலத்தில் இது வெளிநாட்டவருக்கு மூடிய கடற்படை நகரம். 1992-ல்தான் திறந்துவிட்டார்கள்.

கிளம்பும் முன்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ரஷ்ய இ-விசா கிடைக்கிறது. விளாடிவஸ்தோக் விமான நிலையம் வழியாகவே அதில் நுழையலாம். எத்தனை நாள் தங்க அனுமதி என்பதை விண்ணப்பிக்கும்போதே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணம்தான் முக்கியம். 2022 முதல் நம் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் ரஷ்யாவில் வேலை செய்வதில்லை. கசங்காத டாலர் நோட்டுகளைக் கொண்டுபோய் அங்கே வங்கியில் ரூபிளாக மாற்றுங்கள். வெளிநாட்டவர் சிம் வாங்குவதும் இப்போது எளிதில்லை. அதனால் யாண்டெக்ஸ் மேப்ஸ் அல்லது 2கிஸ் செயலியில் ஊர் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரஷ்ய எழுத்துகளை ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பழகிவிடுங்கள். ஆங்கில எச் போல இருப்பது 'ந', சி போல இருப்பது 'ஸ'. 'பெக்டோபா' என்று வாசிக்கத் தோன்றும் பலகை உண்மையில் 'ரெஸ்தரான்'. இந்த ஒன்று பிடிபட்டாலே பாதிக் கடைகளை அடையாளம் கண்டுவிடலாம்.

செப்டம்பர் மாதம்தான் என் தேர்வு. வானம் தெளிவாக இருக்கும், குளிரும் அளவாக இருக்கும். ஜூன், ஜூலையில் கடல் மூடுபனி ஏறி வந்து பாலத்தையே மறைத்துவிடும்.

காலை: ரயில் நிலையத்தில் தொடங்குங்கள்

உள்ளே போய், மேம்பாலப் படிகள் வழியாக நடைமேடைக்கு இறங்குங்கள். அங்கே ஒரு கம்பம் நிற்கும், உச்சியில் இரட்டைத் தலைக் கழுகு. அதில் 9288 என்ற எண். மாஸ்கோவிலிருந்து இத்தனை கிலோமீட்டர் ஓடிவந்த சைபீரிய ரயில் பாதை முடியும் இடம் அதுதான். ரயிலில் வந்தால் ஏறக்குறைய ஏழு நாள். கம்பத்தின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கப்பல் முனையம். இந்த ஊர் ஏன் இங்கே வளர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த அருங்காட்சியகமும் சொல்லாது.

வெளியே வந்ததும் அலெயுத்ஸ்காயா தெரு. சாலையைக் கடக்கும்போது கவனம்! இங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடும், அதனால் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் கார்களில் பல ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள், ஸ்டீயரிங் நம் ஊர் போலவே வலப்பக்கம் இருக்கும். ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துவிட்டுக் கடக்கும் பழக்கம் உள்ளவர்கள் தப்பான இருக்கையைப் பார்த்துக் குழம்புவார்கள். சுரங்கப்பாதை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அப்புறம் ஸ்வெத்லான்ஸ்காயா தெருவில் வலப்பக்கம் திரும்பி, கடற்கரைச் சாலைக்கு இறங்கினால் எஸ்-56 நீர்மூழ்கி கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும். இதை மட்டும் அவசரமாகப் பார்க்காதீர்கள். இரண்டாம் உலகப் போரின்போது இங்கிருந்து புறப்பட்டு, பசிபிக்கைக் கடந்து, பனாமா கால்வாய் வழியாக வடக்குக் கடற்படையைச் சேர்ந்த கப்பல் இது. போர் முடிந்து வடதுருவக் கடல் வழியாகத் திரும்பி வந்தது. உள்ளே ஒரு பகுதி கண்காட்சி, மறு பகுதி அப்படியே இருக்கிறது. ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்கு வட்டமான துளை வழியாகத்தான் போக வேண்டும். முதலில் ஒரு காலை நீட்டி, பிறகு தலையைக் குனிந்து, கடைசியில் முதுகு. டார்பிடோக்கள் இருக்கும் அறையிலேயே மாலுமிகளின் படுக்கையும் இருக்கும். உயரமானவர்களும் முட்டி வலி உள்ளவர்களும் வெளியிலிருந்தே பார்ப்பது நல்லது.

மேலே சின்னத் தோட்டத்தை ஒட்டி நிக்கோலாய் வளைவு. 1891-ல் ரஷ்ய இளவரசர் நிக்கோலாய் இந்தியா, இலங்கை, ஜப்பான் எல்லாம் சுற்றி வந்து இங்கே இறங்கியதற்காகக் கட்டியது. அந்த வருகையில்தான் அவர் ரயில் பாதைக்கு அடிக்கல் நாட்டினார். காலையில் பார்த்த கம்பத்தின் கதை தொடங்குவது இங்கேதான். சோவியத் ஆட்சியில் வளைவை இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 2003-ல் திரும்பக் கட்டியது.

பகல் 12 மணிக்கு வெடிச்சத்தம் கேட்டால் பதறாதீர்கள். மேட்டிலிருந்து தினமும் சுடும் பீரங்கி அது.

மதியம்: மேலே ஏறுங்கள்

ஸ்வெத்லான்ஸ்காயாவில் கிழக்கே நடந்தால் புஷ்கின்ஸ்காயா தெருவில் ஃபுனிகுலர் நிலையம் வரும். நம் பழனி விஞ்ச் போன்றதுதான். 1962-லிருந்து ஓடுகிறது, தூரம் 183 மீட்டர், இரண்டு நிமிடம்கூட ஆகாது. பக்கத்திலேயே படிக்கட்டும் இருக்கிறது, முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். விஞ்சில் ஏறி, படியில் இறங்குங்கள். காலையிலிருந்து நடந்த கால் அதற்கு நன்றி சொல்லும்.

உச்சியில், ஸ்லாவிய எழுத்துக்கு வழிவகுத்த துறவிகளான கிரில், மெத்தோதியஸ் சிலை இருக்கும் மேடையிலிருந்து பார்த்தால் ஸலதோய் ரோக் முழுவதும் காலடியில். 2012-ல் திறந்த பெரிய பாலம் நேர் எதிரே. தூரத்தில், ருஸ்கி தீவுக்குப் போகும் இன்னொரு பாலம். சட்டைப்பையிலிருந்து 2000 ரூபிள் நோட்டை எடுத்துப் பாருங்கள், அதில் இருப்பது அந்தப் பாலம்தான். இங்கே படம் எடுக்கத் தடையில்லை. ஆனால் கீழே காவலர் நிற்கும் கடற்படை வாசல்களை நோக்கி கேமராவைத் திருப்பாதீர்கள்.

பசித்தால் 'பியான்சே' கேளுங்கள். கொரியர்கள் வழியாக வந்த பண்டம், ஆவியில் வேகவைத்த கொழுக்கட்டை மாதிரி. உள்ளே முட்டைக்கோசும் இறைச்சியும் இருக்கும். சைவக்காரர்கள் 'வாரெனிகி ஸ் கர்தோஷ்காய்' என்று சொன்னால் உருளைக்கிழங்கு வைத்தது வரும்.

மாலை: அமூர் கரை

அட்மிரல் ஃபோகின் தெருவில் வண்டிகள் கிடையாது. அதன் சரிவிலேயே இறங்கினால் நேராகக் கடல். ஜூனில் சூரியன் மறைய இரவு 9 மணி ஆகும். குளிர்காலத்தில் இந்தக் கடல் உறைந்து, மக்கள் அதன்மேல் உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் தொகாரெவ்ஸ்கி கலங்கரை விளக்கத்துக்குப் போங்கள். பேருந்தில் 'மாயாக்' நிறுத்தத்தில் இறங்கி நடக்க வேண்டும். கடைசித் துண்டு கடலுக்குள் நீளும் கூழாங்கல் திட்டு. நீர் வற்றும் நேரத்தில்தான் கலங்கரை விளக்கம் வரை கால் நனையாமல் போக முடியும். நீர் மட்ட நேரத்தை முந்தின இரவே பார்த்து வையுங்கள். அங்கே நிற்கும்போது திட்டின் இரு பக்க அலைகளும் நடுவில் நெருங்கி வருவதுபோல் தெரிந்தால், படம் எடுப்பதை நிறுத்திவிட்டு உடனே கரைக்குத் திரும்புங்கள்.