வெளிநாட்டுப் படிப்பும் மருத்துவக் காப்புறுதியும்: வன்னியிலிருந்து போகும் மாணவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வளர்ந்த ஒரு மாணவருக்கு அரச வைத்தியசாலை என்பது காசு கேட்காத இடம். காய்ச்சல் என்றால் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்துக்கொண்டு வரிசையில் இருப்பார். நீண்டகால வருத்தம் என்றால் கிளினிக் கொப்பியோடு குறித்த திகதியில் போவார். பெரிய சத்திரசிகிச்சை என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பிவைப்பார்கள். எந்த இடத்திலும் காப்புறுதி அட்டையை யாரும் கேட்பதில்லை. இந்தப் பழக்கத்தோடு வெளிநாட்டுக்குப் புறப்படுகின்றவர், கல்விக் கட்டணத்தையும் வங்கி மீதியையும் ஆங்கிலப் பரீட்சைப் பெறுபேற்றையும் பலமுறை சரிபார்த்துவிட்டு, மருத்துவக் காப்புறுதியை மட்டும் வீசாக் கோப்பில் இணைக்க வேண்டிய இன்னொரு பற்றுச்சீட்டாக எண்ணிவிடுகிறார். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த எண்ணத்திலிருந்தே பிறக்கின்றன.

உறவினரின் நாட்டை வைத்து உங்கள் நாட்டைக் கணித்தல்

வன்னியில் ஏறக்குறைய ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலண்டனில் ஒரு சித்தப்பாவோ ரொறன்ரோவில் ஒரு மாமியோ பாரிஸில் ஓர் அண்ணாவோ இருக்கிறார்கள். அவர்கள் அக்கறையோடுதான் ஆலோசனை சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வது அவர்கள் வாழும் நாட்டின் முறையை, அதிலும் நிரந்தர வதிவிடமோ குடியுரிமையோ பெற்றவருக்குரிய முறையை. மாணவ வீசாவில் வருபவருக்கு அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பிரித்தானியாவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்புக்கு வீசா விண்ணப்பிக்கும்போதே குடிவரவுச் சுகாதார மேலதிகக் கட்டணம் அறவிடப்படுகிறது. 2024 பெப்ரவரி 6 முதல் மாணவருக்கு அது ஆண்டுக்கு 776 பவுண். ஆண்டுக் கணக்கில் மீதமாக வரும் காலம் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ ஆனால் பாதிக் கட்டணமும், ஆறு மாதத்தைத் தாண்டினால் முழுக் கட்டணமும் சேரும். கணக்கிடப்படுவது படிப்பின் காலமல்ல, வீசாவின் காலம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை: ஓராண்டு முதுமாணிப் படிப்புக்குக் கிடைக்கும் வீசா ஓராண்டைத் தாண்டி ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்தால், கட்ட வேண்டியது 1,164 பவுண். இதைக் கட்டியவர் அந்நாட்டின் தேசிய சுகாதார சேவையைப் பயன்படுத்தலாம். ஆயினும் இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்துக்கும், பற்சிகிச்சைக்கும் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை.

அவுஸ்திரேலியாவில் ஏற்பாடு முற்றிலும் வேறு. அங்கே தனியார் நிறுவனம் ஒன்றிடம் வெளிநாட்டு மாணவர் சுகாதாரக் காப்புறுதியை மாணவரே வாங்க வேண்டும். வீசா முடியும் நாள்வரை அது நடைமுறையில் இருக்க வேண்டும் என்பது வீசாவின் நிபந்தனை.

கனடாவைப் பற்றி ‘அங்கே வைத்தியம் இலவசம்’ என்று பொதுவாகச் சொல்பவர்களை நம்பிப் போவதுதான் மிகவும் ஆபத்தானது. ஏனென்றால் சுகாதாரம் அங்கே மாகாணத்தின் பொறுப்பு. எங்கள் மக்கள் செறிந்து வாழும் ஒன்ராறியோவில் சர்வதேச மாணவர் மாகாணக் காப்புறுதிக்குள் வருவதில்லை. பல்கலைக்கழக மாணவருக்கு ஒரு தனித் திட்டமும், கல்லூரி மாணவருக்கு அந்தந்தக் கல்லூரி ஒழுங்கு செய்யும் திட்டமும் உண்டு. பிரித்தானிய கொலம்பியாவில் மாகாணத் திட்டத்தில் சேரலாம், ஆனால் வந்திறங்கிய மாதத்தின் எஞ்சிய நாட்களும் அதற்குப்பின் இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளிக்குத் தனியார் காப்புறுதி வாங்காமல் போவது நடைமுறையில் காப்புறுதியே இல்லாமல் போவதுதான். மனிற்றோபா 2018இல் சர்வதேச மாணவருக்கான இலவசக் காப்பை நிறுத்திவிட்டது. அதற்கு முன்னர் அங்கே படித்து முடித்த அண்ணாவின் அனுபவம் இன்று உதவாது.

ஜேர்மனியில் முப்பது வயதுக்கு உட்பட்ட பல்கலைக்கழக மாணவர் குறைந்த மாதக் கட்டணத்தில் அரச முறைக் காப்புறுதியில் சேரலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது: தனியார் காப்புறுதி மலிவாகத் தெரிகிறதென்று அரச முறையிலிருந்து விலக்குப் பெற்றுக்கொண்டால், அந்தப் படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. பிரான்சில் கல்வி நிறுவனத்தில் பதிவு முடிந்தபின் சமூகப் பாதுகாப்பில் கட்டணமின்றிச் சேரலாம். அது பொது வைத்தியருக்கான நிர்ணயக் கட்டணத்தில் சுமார் 70 வீதத்தைத்தான் திருப்பித் தரும்; மிச்சத்துக்கு மேலதிகக் காப்புறுதி வேண்டும்.

பழைய வருத்தத்தை மறைத்தல்

எல்லாவற்றிலும் அதிக விளைவை உண்டாக்கும் தவறு இதுதான், எங்கள் பகுதிக்கு இது கூடுதலாகப் பொருந்தவும் செய்கிறது. இன்று இருபதுகளில் இருக்கும் வன்னி மாணவர்கள் இறுதிப் போர் நடந்த 2009இல் சிறு பிள்ளைகள். அவர்களில் சிலர் உடம்பில் செல் (எறிகணை) துண்டுகளோடு வளர்ந்தவர்கள். சிலருக்கு எலும்புக்குள் வைத்த தகடு இன்னும் இருக்கிறது. சிலருக்குக் காது கேட்பதில் குறை. வேறு சிலர் மனநல கிளினிக்குக்குப் போய் வந்தவர்கள். முட்டு (ஆஸ்துமா), வலிப்பு, சிறுநீரக வருத்தம், தைரொயிட் பிரச்சினை போன்றவை எங்கும் இருப்பவை. வீசா கிடைக்காமல் போய்விடும் என்ற பயத்தில் பெற்றோர் இவற்றை எங்கும் எழுத வேண்டாம் என்கிறார்கள். வீசாவுக்காகச் செய்யப்படும் மருத்துவப் பரிசோதனையும் காப்புறுதி நிறுவனத்தின் விதிகளும் வெவ்வேறானவை. முதலாவதில் சித்தியடைந்ததால் இரண்டாவதில் ‘வருத்தம் இல்லாதவர்’ என்று பதிவாகிவிடுவதில்லை.

அவுஸ்திரேலிய முறையில் முன்பே இருந்த நோய்க்கான மருத்துவமனைச் சிகிச்சைக்கு 12 மாதக் காத்திருப்புக் காலமும், அந்நோய் மனநலம் சார்ந்ததாயின் இரண்டு மாதக் காத்திருப்பும் உண்டு. ஒரு நோய் முன்பே இருந்ததா என்பதைத் தீர்மானிப்பவர் மாணவரோ அவருடைய ஊர் வைத்தியரோ அல்லர்; காப்புறுதி நிறுவனம் நியமிக்கும் வைத்தியரே அதை முடிவு செய்கிறார். நோயின் பெயர் மாணவருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் அவருடைய கேள்வி அல்ல. காப்பு தொடங்குவதற்கு முந்திய மாதங்களில் அதன் அறிகுறி இருந்ததா என்பதையே பார்ப்பார். ஆகவே மறைப்பதால் கிடைக்கும் இலாபம் ஒன்றுமில்லை. உள்ளதைத் தெரிந்துகொண்டு, ஊரிலேயே செய்யக்கூடிய சிகிச்சையைப் புறப்படுமுன் செய்து முடிப்பதே புத்தி. நீண்ட நாளாகத் தள்ளிப்போட்ட பல்லுப் பிடுங்கலும் மூக்குக்கண்ணாடி மாற்றுவதும் இதில் அடங்கும், ஏனென்றால் பல மாணவர் திட்டங்களில் பல்லும் கண்ணாடியும் சேர்க்கப்படுவதில்லை. வேறு நாடுகளில் தனியார் நிறுவனங்கள் விண்ணப்பத்தில் நேரடியாகவே மருத்துவ வரலாற்றைக் கேட்கும். அங்கே பொய் சொன்னால் பின்னர் முழு ஒப்பந்தத்தையே செல்லாது என்று சொல்ல அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.

செல் துண்டைப் பற்றி இன்னொரு செய்தி, இது காப்புறுதியைவிட முக்கியமானது. காந்த அதிர்வுப் படம் (எம்.ஆர்.ஐ.) எடுக்கும் இயந்திரத்துக்குள், உடம்பில் தங்கிய இரும்புத் துண்டு அசையவோ சூடாகவோ கூடும். படம் எடுக்குமுன் தரப்படும் கேள்விப் படிவத்தில் இதை மறைக்கக் கூடாது. மொழி தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்.

கிளினிக் கொப்பி, வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தந்த நோய் நிர்ணய அட்டை, எக்ஸ்ரே படங்கள், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றைப் படம்பிடித்துக் கைப்பேசியிலும் மின்னஞ்சலிலும் வைத்திருப்பது நல்லது. எங்கள் வைத்தியர்கள் குறிப்புகளைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதுவதால் மொழிபெயர்ப்புச் செலவும் இராது. இடப்பெயர்வில் ஆவணங்கள் தொலைந்த குடும்பங்களுக்கு இது சற்றுக் கடினம். இப்போது பார்க்கும் வைத்தியரிடம், உள்ள தழும்பையும் தற்போதைய மருந்தையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் பெற்றுக்கொள்ளலாம்.

முகவர் போட்டுத் தந்ததைப் பார்க்காமல் இருத்தல்

முகவர் ஒருவர் காப்புறுதியை எடுத்துத் தருவதில் தவறில்லை. ஆனால் அட்டை கைக்கு வந்ததும் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது பெயர்: எங்கள் பெயர் முறையில் தந்தையின் பெயர் முன்னால் வருவதால், கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்று இருப்பதும் காப்புறுதி அட்டையில் இருப்பதும் மாறிவிடுவது வழமை, வைத்தியசாலை வரவேற்பில் இரண்டும் பொருந்தாவிட்டால் சிக்கல் தொடங்கும். இரண்டாவது திகதி: விமானம் தரையிறங்கும் நாளிலிருந்து காப்பு தொடங்க வேண்டும், வகுப்புத் தொடங்கும் நாளிலிருந்து அல்ல. மூன்றாவது தொடர்புக்குரிய மின்னஞ்சல்: அது முகவருடையதாக இருந்தால், காலாவதி அறிவித்தல்கள் எல்லாம் அவருக்கே போகும், அவர் உங்களை மறந்து வெகுநாள் ஆகியிருக்கும்.

வீசா மறுக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்ப வருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பிரித்தானியக் கட்டணம் அவ்வாறான நிலையில் திருப்பித் தரப்படுகிறது. தனியார் நிறுவனங்களிடம் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். பணம் யாருடைய கணக்குக்கு வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எதற்கெடுத்தாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போதல்

ஊரில் வருத்தம் வந்தால் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம். இங்கிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் முதலில் பார்க்க வேண்டியவர் பொது வைத்தியர். சிறப்பு வைத்தியரிடம் போக அவருடைய கடிதம் வேண்டும். இங்கிலாந்தில் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, வசிக்கும் பகுதியில் உள்ள பொது வைத்தியரிடம் பதிந்துவிட வேண்டும். அமெரிக்காவில் இதே தவறு பணமாகவே வலிக்கும். அங்கே ஆண்டின் தொடக்கத்தில் குறித்த ஒரு தொகைவரை நோயாளியே செலுத்த வேண்டும். அதன் பின்னரும் ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு அவருடையது. காப்புறுதி நிறுவனத்தோடு ஒப்பந்தம் உள்ள வைத்தியர்களின் வலையமைப்புக்கு வெளியே உள்ள வைத்தியரிடம் போனால் அந்தப் பங்கு கூடும். பல்கலைக்கழக வளாகத்துச் சிகிச்சை நிலையத்தை முதலில் நாடுவது பெரும்பாலும் மலிவு.

வேலைத்தலத்துக் காயமும் ஊர்ப் பயணமும்

அவுஸ்திரேலியாவில் வேலையில் ஏற்படும் காயத்துக்கு மாணவர் காப்புறுதி பணம் தராது. அது முதலாளியின் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்புறுதியின் பொறுப்பு. உணவகத்திலோ கடையிலோ பதிவில்லாமல் கையிற் காசுக்கு வேலை செய்யும் மாணவர், எண்ணெய் கொட்டிக் கை வெந்தால் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறார். வேலை தந்தவர் ஊர்க்காரராக இருந்தால் முறையிடவும் கூச்சப்படுவார். வேலைக்குச் சேரும்போதே சம்பளச் சிட்டை கேட்பதைவிட இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அதேபோல் வற்றாப்பளைப் பொங்கலுக்கோ குடும்பத்துக் கலியாணத்துக்கோ ஊருக்கு வந்து டெங்கு பிடித்தால், அவுஸ்திரேலிய மாணவர் காப்புறுதி இங்கே செல்லாது. அரச வைத்தியசாலை பார்த்துக்கொள்ளும். தனியார் வைத்தியசாலைக்குப் போனால் செலவு உங்களுடையது.

படிப்பு முடிந்ததும் காப்பு தொடர்கிறது என்று நம்புதல்

பட்டம் பெற்றபின் தற்காலிகப் பட்டதாரி வீசாவுக்கு மாறும்போது பழைய மாணவர் காப்புறுதி தானாகத் தொடராது. அவுஸ்திரேலியாவில் அந்த வீசாவுக்கு வேறு வகைக் காப்புறுதியை விண்ணப்பிக்கும்போதே காட்ட வேண்டும். பிரித்தானியாவில் பட்டதாரி வீசாவுக்குச் சுகாதாரக் கட்டணம் மாணவருக்குரிய 776 பவுண் அல்ல, ஆண்டுக்கு 1,035 பவுண். அதை ஒரே தடவையில் முன்கூட்டியே கட்ட வேண்டியிருப்பதால், கடைசிப் பருவத்திலேயே அந்தத் தொகையை ஒதுக்கி வைக்காதவர்கள் வட்டிக்கு வாங்க நேரிடுகிறது. ஒன்ராறியோவில் படிப்பு முடிந்து வேலை அனுமதியில் இருப்பவர், முழுநேர வேலை போன்ற நிபந்தனைகள் நிறைவேறினால் மாகாணக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரித் திட்டம் எந்த நாளில் முடிகிறது என்பதை முன்பே கேட்டறிந்து, வேலை கிடைக்கும்வரையான மாதங்களுக்குத் தனியார் காப்புறுதி ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.